ஆற்றங்கரையில் இருநூறு வீடுகள்: வெள்ள அறிக்கையை எப்படிப் படிப்பது, ஆட்சேபணையை எப்படி எழுதுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றை ஒட்டி இதுவரை மேய்ச்சலுக்கு விடப்பட்டிருந்த தாழ்வான நிலத்தில் இருநூறு வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. நிலத்தை மண் கொட்டி உயர்த்தப் போவதால் நூறாண்டு வெள்ளம் வந்தாலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகாது என்று அவர்கள் அமர்த்திய பொறியாளர்களின் அறிக்கை கூறுகிறது. உள்ளாட்சியின் திட்டக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. நீங்கள் எதிர்க்கரையில், சற்றுத் தாழ்வான பழைய தெருவில் குடியிருக்கிறீர்கள். தடித்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்றும், பொறியியல் படிக்காத ஒருவர் எழுதும் ஆட்சேபணைக்கு மதிப்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த அறிக்கை பதில் சொல்லும் கேள்வி, புது வீடுகள் நனையுமா என்பது. உங்கள் கவலையோ வேறு: வெள்ளக் காலத்தில் அந்த நிலத்தில் பரவித் தங்கிய தண்ணீர் இனி எங்கே போகும், அதை யார் சுமப்பார்கள்? திட்டக் குழுவும் முதலில் கேட்டாக வேண்டியது இதைத்தான். ஆகவே உங்கள் கவலை பாமரக் கவலை என்று ஒதுக்கத்தக்கதன்று. விஷயத்தின் மையமே அதுதான்.

நான் நீரியல் படித்தவன். இத்தகைய விண்ணப்பங்களோடு வரும் வெள்ள ஆய்வுகளைச் சரிபார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். கட்டுவோர் தரப்புக்காக அப்படிப்பட்ட ஆய்வுகளை எழுதியும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் இத்தகைய அறிக்கைகள் எந்த இடத்தில் உறுதியாக நிற்கின்றன, எந்த இடத்தில் அனுமானத்தின் மேல் நிற்கின்றன என்பது ஓரளவு தெரியும். ஆனால் உங்கள் திட்டத்தின் வரைபடங்களை நான் பார்க்கவில்லை. எந்த நாட்டின் சட்டம் அங்கே பொருந்தும் என்றும் நீங்கள் குறிப்பிடவில்லை. எனவே அந்தத் திட்டம் நல்லது, கெட்டது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆறு எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் சில விஷயங்களைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

நூறாண்டு வெள்ளம் என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். போன ஆண்டு வந்துவிட்டதால் இனி நம் ஆயுளில் வராது என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. உண்மையில் அது, எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவையோ அதைவிடப் பெரிய அளவையோ வெள்ளம் எட்டுவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான் குறிக்கிறது. ஆண்டுக்கு 1 விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் வீட்டுக் கடன் ஓடும் 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. வீடு நிற்கக்கூடிய 80 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 55 விழுக்காட்டைத் தொடுகிறது. இது வெறும் பெருக்கல் கணக்கு, இதில் ஐயத்துக்கு இடமில்லை. எனவே "நூறாண்டு வெள்ளத்துக்கு மேலே" என்ற சொற்றொடரை "வெள்ளத்துக்கு அப்பாற்பட்டது" என்று திட்டக் குழு படித்துவிடக் கூடாது. அந்த மட்டத்தைத் தாண்டி வரும் வெள்ளத்தில் என்ன ஆகும் என்பதையும் அறிக்கை காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல அறிக்கை, தான் வடிவமைத்த அளவை மீறும் வெள்ளத்தையும் ஒருமுறையாவது கணினியில் ஓட்டிப் பார்த்து விளைவைச் சொல்லியிருக்கும்.

அந்த 1 விழுக்காட்டு வெள்ளத்தின் அளவு எப்படிக் கிடைத்தது என்பது அடுத்த கேள்வி. ஆற்றில் இருக்கும் நீரளவு நிலையத்தில் பதிவான ஆண்டு உச்ச அளவுகளைத் திரட்டி, அவற்றின் மேல் ஒரு புள்ளியியல் வளைவைப் பொருத்தி, பதிவே இல்லாத பெரிய வெள்ளங்களின் அளவை அந்த வளைவு நீளும் திசையில் ஊகிக்கிறோம். நாற்பது ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு நூறாண்டு வெள்ளத்தைச் சொல்வது வழக்கமான, ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் அதில் வரும் எண் ஒற்றை எண்ணன்று, ஒரு வீச்சு. நாற்பது ஆண்டுப் பதிவிலிருந்து விநாடிக்கு 400 கனமீட்டர் என்ற மதிப்பீடு வந்தால், உண்மை 330 ஆகவும் இருக்கலாம், 500 ஆகவும் இருக்கலாம் என்பது எங்கள் துறையில் எவருக்கும் வியப்பளிக்காது. அறிக்கையின் முதல் பக்கச் சுருக்கத்தில் 400 மட்டும் இருக்கும். வீச்சு பின்னிணைப்பில் இருக்கும், சில அறிக்கைகளில் அங்கும் இருக்காது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் நுணுக்கமன்று. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலை 14-ஆம் தேதி இரவு வந்த வெள்ளத்தில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே வெள்ள அபாய வரைபடங்கள் இருந்தன. அவை 1940-களின் பிற்பகுதியில் தொடங்கும் அளவீட்டுப் பதிவை அடிப்படையாகக் கொண்டவை. அதே ஆற்றில் 1804-லும் 1910-லும் பேரழிவு வெள்ளங்கள் வந்து பாலங்களை அடித்துச் சென்றதாக ஊர் ஆவணங்கள் இருந்தும், கருவி கொண்டு அளக்கப்படாதவை என்பதால் அவை கணக்கில் சேரவில்லை. சேர்த்திருந்தால் அபாய எல்லை மிகவும் விரிந்திருக்கும் என்று பின்னர் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பொறியியல் படிக்காத உங்களால் செய்யக்கூடிய, பொறியாளரால் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்ய முடியாத வேலை ஒன்று இங்கே இருக்கிறது. பழைய வெள்ளங்களின் தடயங்களைத் திரட்டுங்கள்: கோயில் தூணிலோ பாலத்தின் பக்கச் சுவரிலோ செதுக்கிய நீர்மட்டக் குறி, பழைய செய்தித்தாள், தேதியுள்ள குடும்பப் புகைப்படம், தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று நினைவில் வைத்திருக்கும் முதியவர்களின் வாக்குமூலம். இவற்றுள் இரண்டோ மூன்றோ இடங்களின் மட்டத்தை ஒரு நில அளவையாளரைக் கொண்டு அளந்து இணைத்தால், வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி சரிபார்க்கப்படவில்லை என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிடும். மாதிரி கடந்தகால வெள்ளம் ஒன்றை மறுபடி உருவாக்கிக் காட்டியிருக்கிறதா என்பதை நான் எந்த அறிக்கையிலும் முதலில் தேடுவேன். அது இல்லாத மாதிரியை முழுதாக நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

பருவநிலை மாற்றம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல்; அதில் விவாதமில்லை. ஆனால் அதனால் உங்கள் ஆற்றின் உச்ச வெள்ளம் எத்தனை விழுக்காடு கூடும் என்பது உறுதியாகச் சொல்ல முடியாதது. மண்ணின் ஈரம், பனி உருகும் காலம், ஆற்றுப் படுகையின் பரப்பு, மழை எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்று பலவும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஒவ்வொரு ஆற்றுப் படுகைக்கும் எவ்வளவு கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று அரசே அட்டவணை தந்திருக்கிறது. அப்படி அட்டவணை இல்லாத இடத்தில், எத்தனை விழுக்காடு கூட்டினீர்கள், ஏன் அந்த எண்ணைத் தேர்ந்தீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. கூட்டவே இல்லை என்றால் அது குறைபாடு.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் வெள்ளக் காலத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, தண்ணீரைத் தேக்கி வைத்து மெல்ல விடுகிறது. அதனால் கீழ்நோக்கிப் போகும் உச்சம் தணிகிறது. இன்னொன்று, ஆற்றின் கொள்ளளவை மீறிய தண்ணீர் ஓடிச் செல்ல அகலமான வழி தருகிறது. மண் கொட்டி உயர்த்தினால் இரண்டும் போகின்றன. நான்கு ஹெக்டேர் நிலத்தில் வெள்ளம் சராசரியாக 1.5 மீட்டர் ஆழம் நின்றது என்று வைத்துக்கொண்டால், அது 60,000 கனமீட்டர் தண்ணீர். அந்த இடம் மேடாகிவிட்டால் அந்தத் தண்ணீர் மறைந்துவிடப் போவதில்லை. மேல்பக்கம் சற்றுத் தேங்கும், எதிர்க்கரையில் சற்று ஏறும், கீழ்ப்பக்கம் சற்று விரைவாகவும் உயர்வாகவும் போய்ச் சேரும். எந்தப் பக்கம் எவ்வளவு என்பதைத்தான் கணினி மாதிரி சொல்ல வேண்டும்.

இதற்கு ஈடாக வேறிடத்தில் நிலத்தைத் தோண்டிக் கொள்ளளவு தருவதாக நிறுவனங்கள் சொல்வதுண்டு. அது சரியான வழிதான், ஆனால் மொத்தக் கன அளவு மட்டும் சமமாக இருந்தால் போதாது. 12 மீட்டர் மட்டத்திலிருந்து 13.5 மீட்டர் வரை இருந்த இடத்தை நிரப்பிவிட்டு, 10 மீட்டர் மட்டத்தில் ஒரு குளம் வெட்டினால், வெள்ளம் ஏறத் தொடங்கும்போதே அந்தக் குளம் நிரம்பிவிடும். உச்சம் வரும் நேரத்தில் அதில் இடமிருக்காது. இழந்த கொள்ளளவு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில், படிப்படியாக, அதே அளவில் திருப்பித் தரப்பட வேண்டும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் வெட்டிய குளம் மழைக்காலத்தில் முன்பே பாதி நிரம்பியிருக்கும். அந்தப் பாதியைக் கொள்ளளவாகக் கணக்கிடக் கூடாது. மட்டம் வாரியாக இழப்பையும் ஈட்டையும் காட்டும் அட்டவணை ஒன்று அறிக்கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு 20 அல்லது 30 சென்டிமீட்டர் அடுக்குக்கும் ஒரு வரி இருக்கும். எந்த வரியிலாவது ஈடு இழப்பைவிடக் குறைவாக இருந்தால் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் சரிபார்க்கக்கூடிய பக்கம் அது.

நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தால் ஏற்கலாம் என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் குறைந்தபட்ச விதிப்படி, வெள்ளம் ஓடும் முக்கிய வழித்தடம் என்று வரையறுத்த பகுதிக்குள் நீர்மட்டத்தை உயர்த்தும் எதையும் கட்டக் கூடாது. ஆனால் அதற்கு வெளியே உள்ள ஓரப்பகுதி முழுவதும் நிரப்பப்பட்டாலும் மட்டம் 1 அடிக்கு மேல் உயராது என்ற அளவுகோலில்தான் அந்த வழித்தடமே வரையப்படுகிறது. அதாவது 1 அடி உயர்வு முன்கூட்டியே சகித்துக்கொள்ளப்பட்டது. இல்லினாய் மாநிலம் அதை 0.1 அடியாகவும், விஸ்கான்சின் 0.01 அடியாகவும் இறுக்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் கேள்வியே முன்னதாகத் தொடங்குகிறது: அபாயம் குறைந்த வேறு நிலம் இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும்; வெள்ளம் வழக்கமாகப் பாய்ந்து தங்கும் படுகையில் வீடுகளுக்கு இடமே இல்லை. உங்கள் இடத்தின் விதி எதுவாயினும் "வேறெங்கும் அபாயத்தைக் கூட்டக் கூடாது" என்ற கருத்து ஏதாவது ஒரு சொற்றொடரில் இருக்கக்கூடும். அந்தப் பிரிவைத் தேடி எடுத்து உங்கள் மனுவில் மேற்கோள் காட்டுங்கள்.

அறிக்கையில் அந்த உயர்வு எங்கே எழுதப்பட்டிருக்கும் என்றும் சொல்கிறேன். ஆற்றின் பல இடங்களில் குறுக்குவெட்டு (அந்த இடத்தில் ஆற்றின் வடிவத்தைக் காட்டும் படம்) எடுத்து, ஒவ்வொன்றுக்கும் திட்டத்துக்கு முன் நீர்மட்டம், திட்டத்துக்குப் பின் நீர்மட்டம், வேறுபாடு என்று மூன்று நெடுவரிசைகளில் ஓர் அட்டவணை இருக்கும். வேறுபாட்டு நெடுவரிசையைக் கீழே வரை ஓட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் 0.0 மீட்டர் என்று இருந்தால், எத்தனை தசமம் வரை எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரே தசமம் எனில் நான்கு சென்டிமீட்டர் உயர்வும் பூச்சியமாகத் தெரியும். வண்ண வரைபடம் இருந்தால் அதன் குறிப்புப் பெட்டியைப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த உயர்வுக்கு நிறமே தராமல் வெள்ளையாக விட்டிருப்பது சில அறிக்கைகளில் நான் கண்டது. வாசற்படிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நின்றுபோன பழைய வீட்டுக்கு நான்கு சென்டிமீட்டர் என்பது வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் வராததற்கும் உள்ள வேறுபாடு. மாதிரியின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். உங்கள் தெரு அதற்கு வெளியே விழுந்தால், "உங்களுக்குப் பாதிப்பில்லை" என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. உங்களைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

இந்தக் கணக்குகளுக்குள் பொறியாளரின் தேர்வுக்கு விடப்பட்ட எண்கள் சில உண்டு. அவற்றுள் பெரியது உராய்வுக் கெழு. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங்கின் பெயரால் வழங்கும் சூத்திரத்தில், தண்ணீர் ஓடும் தரை எவ்வளவு தடை தருகிறது என்பதை அது குறிக்கிறது. குட்டைப் புல்லுக்கு 0.03 அளவிலும், அடர்ந்த புதருக்கு 0.1 அளவிலும் வைப்பது வழக்கம். கரையில் புல்வெளி அமைத்து ஆண்டுதோறும் வெட்டிப் பராமரிப்போம் என்று 0.03 வைத்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து அங்கே புதர் மண்டினால், கணக்கிட்ட மட்டத்தைவிட வெள்ளம் உயரமாக நிற்கும். வேறு எண்ணை வைத்தால் முடிவு தலைகீழாகிறதா, சிறிதளவே மாறுகிறதா என்று சோதித்துக் காட்டியிருக்க வேண்டும். பாலங்களும் அப்படித்தான். கணினியில் பாலத்தின் கண்கள் எப்போதும் திறந்தே இருக்கும். மெய்யான வெள்ளத்தில் மரமும், வேலியும், வண்டியும் வந்து அடைத்துக்கொள்ளும். ஆர் பள்ளத்தாக்கில் அடைபட்ட பாலங்களுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி மட்டம் ஏறியது பேரழிவுக்கு ஒரு காரணம். உங்கள் ஊரில் திட்ட நிலத்துக்குக் கீழே பாலம் இருந்தால், அது பாதி அடைபட்ட நிலையில் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஆற்று வெள்ளத்தைத் தவிர, அந்த மனைகளிலேயே விழும் மழையும் இருக்கிறது. 60 மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேர் கூரையிலும் தார்ச் சாலையிலும் விழுந்தால் 600 கனமீட்டர். அதில் பெரும்பகுதி உடனே ஓடிவரும். புல்தரையில் விழுந்திருந்தால் ஒரு பகுதிதான் ஓடும். இதைச் சமாளிக்க ஒரு தேக்கக் குளம் வரைந்திருப்பார்கள், அதிலிருந்து குழாய் வழியே ஆற்றுக்கு மெல்ல விடுவதாக இருக்கும். அந்தக் குழாயின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஆறு வெள்ளமாக ஓடும்போது அதன் மட்டம் குழாய் வாயைவிட உயரமாக இருந்தால், ஒருவழிக் கதவு மூடிக்கொள்ளும், குளம் வடியாது. பெருமழையும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வரும் அந்த நாளில்தான் குளம் தேவை. பல விண்ணப்பங்களில் குளத்தின் கணக்கு ஒருவரும் ஆற்றின் கணக்கு இன்னொருவரும் செய்திருப்பார்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்று எவரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலும், நிறுத்தி நிதானமாக விடுவது எப்போதும் நன்மையே என்றும் இல்லை. ஊருக்கு அருகே விழுந்த மழை, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் வெள்ளம் வந்து சேர்வதற்கு முன்பே கடந்து போய்விடக்கூடிய இடங்களும் உண்டு. அங்கே தேக்கி வைத்துத் தாமதமாக விட்டால் இரண்டு உச்சங்களும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். உங்கள் ஆற்றில் எது நடக்கும் என்பது கணக்கிட்டுத்தான் தெரியும். கணக்கிட்டார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

வீடு உயரத்தில் இருக்கிறது, சாலை தாழ்வில் இருக்கிறது என்ற அமைப்பை நான் மிகவும் கவலையோடு பார்ப்பேன். தரைத் தளம் நனையாமல் இருக்கலாம். ஆனால் இருநூறு குடும்பங்கள் தீவில் மாட்டிக்கொண்டால் நோயாளியை வெளியே எடுக்க வழியில்லை. பாய்ந்தோடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் வளர்ந்தவரைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் நகரத் தொடங்கும், 60 சென்டிமீட்டரில் பெரிய வண்டிகளும் போகும். எனவே வீட்டு வாசலிலிருந்து வெள்ளம் எட்டாத பொதுச் சாலை வரை, வழி நெடுக, வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட வெள்ளத்தில் எவ்வளவு ஆழமும் வேகமும் இருக்கும் என்று அறிக்கை சொல்ல வேண்டும். "எச்சரிக்கை வந்ததும் வெளியேறுவர்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது பதிலாகாது. எத்தனை மணி நேர எச்சரிக்கை கிடைக்கும், இரவில் யார் கதவைத் தட்டுவார், எங்கே தங்கவைப்பார் என்பதை மீட்புப் பணியினர் ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறார்களா என்பதே அங்கே கேள்வி.

கரையரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆறு வளையும் இடத்தின் வெளிப்புறக் கரையை அது தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றோடு பழைய நில வரைபடங்களையும் ஒப்பிட்டால் கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது, அகன்ற ஆறாயிருந்தால், கண்ணுக்கே தெரியும். கல் அடுக்கிக் கரையை உறுதிப்படுத்துவதாகச் சொன்னால், ஆற்றின் வேகம் எதிர்க்கரைக்கோ கீழ்க்கரைக்கோ திரும்புமா என்று கேட்க வேண்டும். மண்ணின் உறுதி பற்றிய பகுதியை மண்ணியல் பொறியாளர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. அதில் என் தேர்ச்சி குறைவு.

தடுப்புக் கரையோ ஆற்றின் மேற்பகுதியில் அணையோ இருப்பதால் கவலை வேண்டாம் என்ற வாதம் எழுந்தால், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரை நினைவில் கொள்ளுங்கள். 1974-இல் அங்கே ஆறு 5.45 மீட்டர் மட்டத்தை எட்டியது. அதன்பின் 1980-களின் நடுவில் வைவன்ஹோ அணை கட்டி முடிக்கப்பட்டது. அது வெள்ளத்தைக் குறைத்தது மெய். ஆனால் இனி வெள்ளமே வராது என்ற எண்ணமும் பரவியது, தாழ்நிலங்களில் கட்டடங்கள் பெருகின. 2011 ஜனவரியில் ஆறு 4.46 மீட்டருக்கு உயர்ந்தபோது, முன்னதைவிட ஒரு மீட்டர் குறைவாக இருந்தும், பல்லாயிரம் வீடுகளும் கடைகளும் நீரில் மூழ்கின. பாதுகாப்புக் கட்டுமானம் சிறு வெள்ளங்களைத் தடுத்து, அந்த நம்பிக்கையில் மக்களை உள்ளே இழுத்து, பெருவெள்ளத்தின் இழப்பைக் கூட்டிவிடும் என்பதை அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1940-களிலேயே எடுத்துக்காட்டினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆற்றங்கரையில் எதையுமே கட்டக் கூடாது என்பது என் நிலை என்று எண்ண வேண்டாம். வீடு இல்லாதவர்களுக்கு வீடு வேண்டும், அதுவும் பொதுநலமே. நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தின்போது ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன்பின் அவர்கள் கரையை மேலும் மேலும் உயர்த்துவதை விட்டு, ஆற்றுக்கு இடம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினர். நைமேகன் நகரில் வால் ஆறு குறுகிய இடத்தில் கரையை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தி, ஒரு துணைக் கால்வாய் வெட்டி, உச்ச நீர்மட்டத்தை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தாழ்த்தினார்கள். அதற்காக ஐம்பது வீடுகள் வரை அகற்றப்பட்டன. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது எளிதான இழப்பன்று. ஆயினும் அந்த நகரம் ஆற்றங்கரையில் தொடர்ந்து வளர்கிறது. உங்கள் திட்டத்திலும் வீடுகளை நிலத்தின் உயரமான ஓரத்துக்குத் தள்ளி, ஆற்றோரத் தாழ்வைத் திடலாகவும் மரக்கூட்டமாகவும் விட்டு, எண்ணிக்கையை இருநூறிலிருந்து குறைக்க முடியுமா என்று கேட்பது, "வேண்டவே வேண்டாம்" என்பதைவிட வலுவான நிலையாகப் பல நேரம் அமையும்.

ஆட்சேபணை எழுதுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே வாசகத்தில் ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, ஒரு குறிப்பிட்ட பக்கத்தையும் ஒரு குறிப்பிட்ட எண்ணையும் சுட்டி எழுதிய ஒரே கடிதம் மதிப்பாய்வாளரின் மேசையில் அதிக வேலை செய்யும். முதல் வகைக்கு "மக்கள் எதிர்க்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடலாம். இரண்டாவதற்கு நிறுவனத்திடம் விளக்கம் கேட்டே ஆக வேண்டும். வீட்டு விலை குறையும், ஆற்றுக் காட்சி மறையும் என்பவை உங்களுக்கு மெய்யான இழப்புகளே. ஆனால் இங்கிலாந்து உட்படப் பல இடங்களில் திட்ட முடிவுக்கு அவை கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அவற்றை முன்னால் வைத்தால் பின்னால் வரும் வெள்ளக் கேள்வியும் வலுவிழக்கும். ஆற்று நிர்வாகத் துறையின் கருத்து கோப்பில் வந்துவிட்டதா என்றும் பாருங்கள். "ஆட்சேபணை இல்லை" என்று அவர்கள் எழுதியிருந்தாலும், எந்தப் பதிப்பு அறிக்கையைப் பார்த்து எழுதினார்கள் என்ற தேதியைச் சரிபாருங்கள். வரைபடம் அதற்குப் பிறகு மாறியிருக்கக்கூடும். கணினி மாதிரியின் கோப்புகளைச் சுயேச்சையான ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றும், அதன் செலவை விண்ணப்பதாரர் ஏற்க வேண்டும் என்றும் கேட்கலாம். பல உள்ளாட்சிகளுக்கு இத்தகைய மாதிரியைத் திறந்து பார்க்கும் ஆள் இல்லை என்பதால் இந்தக் கோரிக்கையை அவர்களே வரவேற்பதுண்டு.

இவ்வளவும் செய்தும் அனுமதி கிடைத்துவிடலாம். அப்போது அனுமதியோடு இணைக்கப்படும் நிபந்தனைகள்தாம் உங்களுக்கு மிஞ்சும் பாதுகாப்பு. ஆகவே ஆட்சேபணைக் கடிதத்தின் இறுதியிலேயே, "அனுமதிப்பதாயின்" என்று தொடங்கி, நீங்கள் கேட்கும் நிபந்தனைகளை எழுதிவிடுங்கள். மண் கொட்டுவதற்கு முன்பே ஈட்டுக் கொள்ளளவு தோண்டி முடிக்கப்பட வேண்டும். எல்லா வீடுகளும் விற்ற பிறகு தோண்டுவோம் என்பதை ஏற்கக் கூடாது. முடிந்த தரைமட்டங்களைச் சுயேச்சையான நில அளவையாளர் அளந்து சான்றளித்த பின்பே குடியேற்றம் நடக்க வேண்டும். தேக்கக் குளத்தையும் ஒருவழிக் கதவையும் யார், எந்த நிதியிலிருந்து, எத்தனை ஆண்டுகள் பராமரிப்பது என்பது பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். நிறுவனம் கலைந்துவிட்டால் பொறுப்பு யாரிடம் போகும் என்பதும் அதில் இருக்க வேண்டும். கருத்துக் கேட்பின் கடைசித் தேதி நெருங்கிவிட்டதென்றால் முழு மனுவுக்காகக் காத்திராமல், முன்பின் நீர்மட்ட அட்டவணை பற்றிய கேள்வியையும் பழைய வெள்ளத் தடயங்களையும் மட்டுமாவது முதலில் எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள். அந்த அட்டவணைப் பக்கத்தை இங்கே பகிர்ந்தால் அதில் இருப்பதைப் படித்து விளக்கம் சொல்கிறேன்.